தண்ணீர் படாத நாற்பது உருண்டைகள்

என் பெண் வாயைக் கொடுத்துவிட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவளுக்குப் பதிமூன்று வயது பிறக்க ஆறு நாள் பாக்கி இருந்தது. கூடப் படிக்கும் பெண்ணின் பிறந்தநாளுக்குப் போயிருந்தவள் ஆட்டோவிலிருந்து இறங்கி, செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் நேரே சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"அம்மா, சனிக்கிழமை என் ஃப்ரெண்ட்ஸ் பன்னிரண்டு பேர் நம்மாத்துக்கு வரா. நீ சாக்லேட்டில முக்கின கேக் உருண்டை பண்ணறே. நான் சொல்லிட்டேன்."

"யார்கிட்டச் சொன்னே?"

"எல்லார்கிட்டயும்."

எனக்குச் சாதாரணமாகவே கோபம் மூக்கு நுனியில். நான் ஆயுசில் கேக் செய்தவள் இல்லை. எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததில்லை, அதனால் கேக்கும் நுழைந்ததில்லை. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

அந்தத் தோழியின் அம்மா வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர். விருந்துக்குக் கேக்கை உதிர்த்து, உருண்டை பிடித்து, சாக்லேட்டில் முக்கித் தட்டில் அடுக்கியிருக்கிறார். என் பெண் வழக்கம்போல, "முட்டை உண்டோ ஆன்ட்டி?" என்று கேட்டிருக்கிறாள். உண்டு என்றார்களாம். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பிறந்தநாள்காரப் பெண் மற்றவர்களிடம், "பாவம், இவளோட வீட்டில கேக்கே இல்ல" என்று சொல்லியிருக்கிறாள். மலையாளத்தில்தான் சொன்னாள், ஆனால் பாவம் என்பது இரண்டு பாஷையிலும் பாவம்தான். உடனே என் பெண் நிமிர்ந்து, "எங்கம்மா இதே உருண்டை பண்ணுவா. முட்டை இல்லாம, இதைவிட நன்னாப் பண்ணுவா. சனிக்கிழமை வந்து பாருங்கோ" என்று அறிவித்துவிட்டாள்.

அதற்கு மேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை. முட்டை சாப்பிடாதது எங்கள் வழக்கம். அதற்காக யாரும் என் பெண்ணைப் பாவம் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அன்றைக்கு இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் போகாத பிறந்தநாள் கிடையாது. எல்லா வீட்டிலும் கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றி, "அப்பறம் சாப்பிடறேன்" என்று சொல்லி எடுத்துக்கொண்டு, வெளியே வந்து ஆட்டோக்காரருக்குக் கொடுத்துவிடுவாள். சமத்துக் குழந்தை, சொன்னபடி கேட்கிறாள் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதில் வருத்தம் இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"பண்ணறேன் போ" என்றேன்.

"நன்னா வரலேன்னா எனக்கு ஆகெ நாணக்கேடு ஆயிடும். திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாணக்கேடு என்றால் அவமானம். போகமாட்டேன் என்றால் போகமாட்டாள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

எங்கள் வீடு திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், கோவிலை ஒட்டிய அக்ரகாரத் தெருவில் இருந்தது. வீட்டில் நாலு பேர். நான், என் கணவர், பெண், கணவரின் தமக்கை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். சமையலறை சட்டதிட்டங்கள் எல்லாம் அக்காவின் கையில். திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலும் ஆசாரம் உண்டு, ஆனால் அங்கே கண்ணை மூடிக்கொள்ள ஆள் இருந்தது. இங்கே அக்கா கண்ணை மூடுவது தூங்கும்போது மட்டும்.

முதல் சட்டம் பத்து, அதாவது வெந்த பண்டத்தைத் தொட்டால் ஒட்டிக்கொள்கிற தீட்டு. சாதத்தையோ வெந்த பண்டத்தையோ தொட்ட கையோடு தயிரையோ ஊறுகாய் ஜாடியையோ தொடக் கூடாது. நடுவில் கையை நனைக்க வேண்டும். அதற்காக அடுப்பு மேடையில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாளைக்கு இருபது தடவை, "கையை அலம்பினயோ?" என்று அக்காவின் குரல் வரும். பதினைந்து வருஷத்தில் அந்தக் குரல் தேவையில்லாமல் போய்விட்டது. என் கை தானாகக் கிண்ணத்துக்குப் போய்த் தானாகத் திரும்பி வரும். எனக்கே தெரியாது.

கேக் செய்யப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "முட்டை?" என்றார்.

"இல்லை."

"அப்போ எனக்கென்ன" என்று பக்கத்தைத் திருப்பினார். அனுமதி கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று உள்சந்தில் உண்டு, கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள். மைதா, கோகோ தூள், டின் பால், சாக்லேட் கட்டி எல்லாம் எடுத்து வைத்தார். சாக்லேட்டைக் கையில் கொடுக்கும்போது, "யம்மா, இதுல தண்ணி மட்டும் பட்டுராம பாத்துக்கிடுங்க. ஒரு சொட்டு பட்டாலும் காரியம் கெட்டுரும்" என்றார்.

அவர் மழையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு பிளாஸ்டிக் பை கேட்டு வாங்கி, இரண்டு பைக்குள் சாக்லேட்டைப் போட்டு முடிச்சுப் போட்டு, குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் தொப்பலாக நனைந்தேன். சாக்லேட்டின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று அன்று ராத்திரி கணவரிடம் பீற்றிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

புதன்கிழமை கேக்கில் இறங்கினேன். எங்களிடம் ஓவன் கிடையாது. பிரஷர் குக்கரில் உப்பைப் பரப்பி, காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு தட்டம் வைத்து வேகவிட்டேன். ஒரு பக்கம் மலையாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் வந்தது. தட்டத்திலிருந்து கவிழ்த்தபோது மூன்றாகப் பிளந்தது. வேறு கேக்காக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். இதை எப்படியும் உதிர்க்கத்தானே போகிறோம்! முதல் முறையாக இந்தப் பலகாரத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

உதிர்த்து, டின் பாலைக் கொஞ்சம் விட்டுப் பிசைந்து, உருட்ட ஆரம்பித்தேன். உருண்டை பிடிப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகைக்குக் கொதிக்கிற பாகில் பொரி உருண்டை பிடிக்கிற கை இது. இந்தக் கேக் பொடி எனக்கு எம்மாத்திரம்? அரை மணியில் ஒரே அளவில் வரிசையாக வைத்துவிட்டேன். அக்கா பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வட்டம் நன்னா இருக்கு" என்றார். கணக்கு டீச்சர் வாயிலிருந்து வட்டத்துக்குப் பாராட்டு வருவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

பிறகு சாக்லேட். பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதன் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். கறுப்பாக, வழவழப்பாக, முகம் பார்க்கலாம்போல இளகியது. ஓர் உருண்டையை முக்கினேன், இன்னொன்றை முக்கினேன். ஐந்தாவதை முக்கும்போது கரண்டி கனத்தது. எட்டாவதில் கிண்ணத்தில் இருந்தது சாக்லேட்டே இல்லை. மங்கலாக, திப்பி திப்பியாக, ஈர மணல் மாதிரி ஏதோ கிடந்தது. உருண்டையின் மேல் அப்பினால் அப்பியபடி நின்றது. மொத்தத்தில் பார்க்கச் சகிக்கவில்லை.

தீ அதிகமாகிவிட்டது என்று தீர்மானித்தேன். வியாழக்கிழமை தீயைக் குறைத்துவைத்து, மறுபடி முதலிலிருந்து செய்தேன். மறுபடி மணல். இந்தத் தடவை நாலாவது உருண்டையிலேயே.

கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத் திட்டினேன். மைதாவைத் திட்டினேன். திருவனந்தபுரத்து ஈரக்காற்றைத் திட்டினேன். கணவர் கெட்டுப்போன உருண்டைகளை டப்பாவில் போட்டு ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, "எல்லாரும் நன்னாருக்குன்னா. இது என்ன, கருப்பட்டி சேத்ததான்னு ஒருத்தர் கேட்டார்" என்றார். அவரையும் திட்டினேன்.

வியாழன் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த பெண் தட்டைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "சாரமில்லம்மா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். "கடையிலேர்ந்து ஐஸ்கிரீம் வாங்கிக்கலாம். நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

அவள் கத்தியிருந்தால் எனக்குத் தாங்கும். ஆட்டோக்காரருக்குக் கேக்கைக் கொடுக்கிற குழந்தையின் குரலில் அதைச் சொன்னாள். அந்தக் குரலை நான் அதுவரை காதில் வாங்கியதே இல்லை. ஐஸ்கிரீமாவது ஒண்ணாவது, உருண்டைதான் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பள்ளிக்குப் போனதும் மீதியிருந்த சாக்லேட்டில் ஒரு துண்டை உடைத்து உருக்கினேன். அக்கா நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் பேப்பர் இல்லை. எனக்கு எரிச்சல். தோற்பதை ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்கணுமா?

முக்கினேன். இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதில் சாக்லேட் இறுகியது. கரண்டியைத் தொப்பென்று போட்டேன்.

அக்கா முந்தானை நுனியைச் சுருட்டினார், பிரித்தார். பரீட்சையில் தப்பாகப் போட்ட கணக்கைத் தானே கண்டுபிடித்துவிட்ட முகம்.

"நான் எண்ணிண்டு இருந்தேன்" என்றார். "நீ உருண்டையைத் தொட்டு முக்கறே. உடனே கையை நனைக்கறே. ஈரக் கையோட அடுத்ததை எடுக்கறே. நாலு தடவை நனைச்சே. ஒவ்வொரு தடவையும் ரெண்டு சொட்டு அதுக்குள்ள போறது. எட்டு சொட்டு ஆனதும் அது செத்துப்போறது. கேட்டயா?"

நான் கையைப் பார்த்தேன். விரல் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை எப்போது தொட்டேன்? சத்தியமாகத் தெரியாது. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த மனுஷர் மழையைச் சொல்லவில்லை, என் கையைச் சொல்லியிருக்கிறார். நானோ மழையிலிருந்து காப்பாற்றி வீடுவரை கொண்டுவந்த சாக்லேட்டில் மூன்று நாளாக அடுப்படியில் நின்று தண்ணீர் தெளித்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "அப்போ என்ன பண்ணறது அக்கா? கேக்கு வெந்த பண்டம். கையை நனைக்காம எப்படி?"

இதற்குத்தான் அவர் முந்தானையைச் சுருட்டியிருக்கிறார். பதினைந்து வருஷச் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அவர் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். உருண்டை கெட்டிருக்கும், சட்டம் நின்றிருக்கும்.

"கேக்கிலே தண்ணி சேத்தயோ?"

"இல்லை. பாலும் வெண்ணெயும்தான்."

"தண்ணி சேக்காம பால்லே பிசைஞ்சதுக்குப் பத்து கிடையாது" என்று ஒரு விரலை மடக்கினார். "சாக்லேட்டைத் தீயிலே வேக வைக்கலை, வெந்நீர் மேலே இளகினது. வெண்ணெய் உருக்கற மாதிரி. அதுக்கும் கிடையாது." இன்னொரு விரல். பிறகு எழுந்து வந்து, அடுப்பு மேடையிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து முற்றத்தில் கொட்டி, வெறும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கிண்ணம் கவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

கணவரை மத்தியானமே ஆபீசிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு விரட்டி இன்னொரு கட்டி வாங்கிவரச் சொன்னேன். சாயங்காலம் இன்னும் இரண்டு கேக். இரண்டும் பிளந்தன. பிளக்கட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒழித்துவைத்ததும் ஆரம்பித்தோம். கைகளைக் கழுவித் துடைத்து, மின்விசிறியின் கீழ் நின்று உலர்த்தி, அரிசி மாவைத் தொட்டுக்கொண்டேன். அப்பளம் எடுக்கிற சின்ன ஜல்லிக்கரண்டியில் உருண்டையை வைத்து முக்கித் தூக்கினால், அதிகப்படி சாக்லேட் கரண்டியின் ஓட்டைகள் வழியே வடிந்துவிடும். அக்கா பக்கத்திலேயே நின்றார். என் கை பழக்கத்தில் மேடைப்பக்கம் நகர்ந்தபோதெல்லாம், "அலம்பாதே!" என்று அதட்டினார். பதினைந்து வருஷமாகக் கேட்ட அதே குரல், அதே அதட்டல். சொல்தான் தலைகீழ்.

பத்து உருண்டை ஆயிற்று. சாக்லேட் அப்படியே பளபளவென்று ஓடியது. இருபது ஆயிற்று. எனக்கு எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது, அக்காவுக்குத் தப்பவில்லை.

முக்கியதை உலர வைக்க வாழையிலை நறுக்கி வைத்திருந்தோம். முதல் இலை நிரம்பியதும் அக்கா அடுத்த இலையை விரித்தார். விரித்தவர், எங்கள் வீடுகளில் இலை போட்டதும் என்ன செய்வோமோ அதைச் செய்யப் போனார். எங்கிருந்தோ ஒரு செம்புத் தண்ணீர் அவர் கைக்கு வந்துவிட்டது. உள்ளங்கையில் ஊற்றி இலையில் தெளிக்கக் கையைத் தூக்கிவிட்டார்.

"தெளிக்காதேங்கோ!"

நான் போட்ட கூச்சலில் கூடத்தில் பலூன் ஊதிக்கொண்டிருந்த கணவரின் பலூன் கையை விட்டுப் பறந்தது. அக்கா கையைத் தூக்கியபடி சிலையாக நின்றார். அந்த வீட்டில் அவரைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தியதில்லை. அக்கா தன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எனக்கே மறந்துடுத்து பார். உன்னைச் சொல்லி என்ன" என்று கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, உலர்ந்த துணியால் இலையை ஒற்றி எடுத்தார்.

நாற்பது. ஒன்றுகூட மங்கவில்லை. ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு இலையிலிருந்து எடுத்தபோது, இலை தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம் கண்ணாடிபோல மின்னியது. மழை பெய்தால் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை, ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடியது. அதற்கும் நானே காரணம் என்கிற நிலையில் நான் இருந்தேன்.

நாலு மணிக்குப் பன்னிரண்டு பெண்கள் குடையும் கூச்சலுமாக வந்தார்கள். பாவம் என்று சொன்ன பெண்ணும் வந்திருந்தாள். கூடவே கொண்டுவிட்டுப் போக வந்த அவளுடைய அம்மாவை என் பெண் விடாமல் பிடித்துக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டாள். யார் பார்க்க வேண்டுமோ அவர் பார்க்காமல் போகலாமா?

தட்டை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். கூச்சல் நின்றது. அந்த அம்மாள் ஒன்றை எடுத்துக் கடித்தார், உள்ளே பார்த்தார், மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். "முட்டை இல்லாதெயோ?" என்று கண்ணை விரித்துக் கேட்டார். அவருடைய பெண், வாயில் ஒன்று இருக்கும்போதே கையை நீட்டி, "ஆன்ட்டி, ஒந்நுகூடி தருமோ?" என்றாள். இன்னொன்று வேண்டுமாம். தந்தேன். தாராளமாகத் தந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அம்மாள் எழுந்து வந்து, சாக்லேட் இவ்வளவு மினுக்கமாக எப்படி வந்தது, தனக்கு இப்படி வந்ததே இல்லை, என்ன சூத்திரம் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கையை அலம்பக் கூடாது." அந்த அம்மாள் திகைத்துப்போய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா மேற்கொண்டு விளக்கவில்லை.

நான் என் பெண்ணைத் தேடினேன். தோழிகளின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். முட்டை உண்டோ என்று கேட்கவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காகிதத்தைத் தேடவில்லை. முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்ப, மற்றவர்களோடு சேர்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். கேக் தின்கிற என் குழந்தையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள்.

அவர்கள் போனதும் சமையலறைக்கு ஓடி வந்தாள். பத்து விரலிலும் சாக்லேட். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள், பிறகு அக்காவையும். அக்காவின் வெள்ளைப் புடவை முதுகில் பத்து விரலும் பதிந்தன.

நான் வாயைத் திறந்தேன். அக்காவும் திறந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கையை அலம்பு என்று இரண்டு பேரில் ஒருவரும் சொல்லவில்லை.